பிளக் கணினியும் சீரியல் கொன்சோலும்: "செத்துப்போச்சு" என்று ஒதுக்குவதற்கு முன்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ரிப்பேர் கடை மேசைக்கு வரும் பெட்டிகளுக்கு முதலில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "செத்துப்போச்சு". மின்னல் அடித்துப் பவர் சப்ளை கருகிய ரவுட்டருக்கும் அதே சொல். லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், அதற்குப் பிறகு எழும்பாத பிளக் கணினிக்கும் அதே சொல். ஆனால் இந்த இரண்டாவது பெட்டியில் ஒரு பாகமும் கெட்டிருக்காது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்ப எழுதிவிடலாம். அதற்கு முன் எங்கே நின்றாய் என்று பெட்டியிடமே கேட்க வேண்டும். கேட்கும் வழிதான் சீரியல் கொன்சோல்.

## பிளக் கணினி எது?

சுவர் பிளக்கில் நேரே செருகும் அளவுக்குச் சிறிய, திரையோ விசைப்பலகையோ இல்லாத கணினிதான் பிளக் கணினி. 2009இல் மார்வெல் அறிமுகப்படுத்திய ஷீவாபிளக் இந்த வகையைப் பரவலாக்கியது: 1.2 கிகாஹெர்ட்ஸ் கிர்க்வுட் சில்லு, 512 மெகாபைட் ரேம், 512 மெகாபைட் நேண்ட், ஒரு யூஎஸ்பி, ஒரு லேன் துளை. டொக்ஸ்டார், கோஃபிளெக்ஸ் நெட், போகோபிளக்கின் சில மாதிரிகள் ஆகியவையும் இதே கிர்க்வுட் குடும்பம்தான். டொக்ஸ்டாரில் ரேம் 128 மெகாபைட் மட்டுமே. சில வோட் மின்சாரத்தில் இரவுபகலாக ஓடும் என்பதால், வீட்டில் கோப்புகளைப் பகிர்ந்து வைக்க இன்றைக்கும் போதும்.

நேண்ட் என்பது கரண்ட் போனாலும் எழுதியது அழியாத, பலகையிலேயே பற்றவைத்த நினைவகம். குழப்பம் தொடங்கும் இடமும் இதுதான். பழைய ராஸ்பெரி பையில் எல்லாமே எஸ்டி அட்டையில் இருக்கும். கெட்டால் அட்டையைக் கழற்றி வேறு கணினியில் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடு பிளக் கணினிக்கு வருபவர்கள் "எந்த அட்டையைக் கழற்றுவது?" என்று தேடுவார்கள். கழற்ற ஒன்றும் இல்லை. நேண்டில் இருப்பதைத் தொட, அந்தப் பெட்டியின் வழியாகத்தான் போக வேண்டும்.

## டேப்லட் கைமாறும் ரயில்

மலைநாட்டு ரயில் ஒற்றைப் பாதையில் ஓடுவது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போக, ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் கோத்துக் கொடுக்கும் டேப்லட் டிரைவர் கையில் இருக்க வேண்டும். கொட்டகலையில் டேப்லட் கிடைக்காவிட்டால் ரயில் தலவாக்கலைக்கு வராது. அதற்காக எஞ்சின் பழுது என்று யாரும் சொல்வதில்லை.

பிளக் கணினி எழும்புவதும் இப்படிக் கைமாறித்தான். நான்கு கட்டங்கள்:

முதலாவது, பூட் ரோம். சில்லுக்குள்ளேயே ஆலையில் பதித்த மிகச் சிறிய நிரல். இதை யாராலும் அழிக்க முடியாது. நேண்டின் தொடக்கத்தில் அடுத்த ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் இதன் முக்கிய வேலை.

இரண்டாவது, யூ-பூட். நேண்டின் தொடக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏற்றி நிரல். ரேமைத் தயார்செய்து, கெர்னலை எங்கிருந்து எடுப்பது என்று தன் குறிப்பேட்டைப் பார்த்து, எடுத்து ரேமில் வைக்கும். அந்தக் குறிப்பேட்டுக்கு என்விரோன்மென்ட் என்று பெயர்.

மூன்றாவது, கெர்னல். லினக்ஸின் நடு உறுப்பு. நான்காவது, ரூட் கோப்பமைப்பு. நிரல்களும் அமைப்புக் கோப்புகளும் உங்கள் கடவுச்சொல்லும் இருக்கும் இடம். இங்கே வந்த பிறகுதான் நெட்வேர்க் வழியாக உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் வேலை செய்யும்.

ஆகவே "எஸ்எஸ்எச்சில் போக முடியவில்லை" என்றால் ரயில் கடைசி ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று மட்டுமே பொருள். எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பது அதிலிருந்து தெரியாது. லேன் துளையில் விளக்கு எரிவதை வைத்தும் முடிவுசெய்ய முடியாது. கெர்னலே இல்லாத பெட்டியிலும் அது எரியும்.

## கொன்சோல் என்பது வாயும் காதும்

யூ-பூட் தொடங்கிய நொடியிலிருந்து, தான் செய்வதையெல்லாம் பெட்டி ஒரு கம்பி வழியாக எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு கம்பியில் நீங்கள் தட்டுவதைக் கேட்கிறது. யாரும் செருகிக் கேட்காவிட்டாலும் அந்தப் பேச்சு நிற்பதில்லை. இதுதான் சீரியல் கொன்சோல். சீரியல் என்றால் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது.

ஷீவாபிளக்கின் பக்கவாட்டில் உள்ள மினி யூஎஸ்பி துளை இதற்குத்தான். அங்கே கேபிளைச் செருகிவிட்டு பென் டிரைவ் போல ஏதாவது தோன்றும் என்று காத்திருக்க வேண்டாம். தோன்றுவது ஒரு சீரியல் போர்ட். உள்ளே இருக்கும் சில்லு இரண்டு தடங்கள் கொண்டது என்பதால் சில வேளை இரண்டு போர்ட்கள் தெரியும். அப்படியானால் பெரும்பாலும் இரண்டாவதுதான் கொன்சோல்.

டொக்ஸ்டார் போன்றவற்றில் அந்தத் துளையும் கிடையாது. மூடியைத் திறந்தால் பலகையில் பின்கள் இருக்கும். அவற்றுக்கு யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் என்ற சிறு துண்டு வேண்டும். சிபி2102, சிஎச்340 சில்லுகள் உள்ளவை பரவலாகக் கிடைக்கின்றன. பிஎல்2303 சில்லுள்ளது மலிவாகக் கிடைத்தாலும் கவனமாக வாங்குங்கள்: பழைய, போலிச் சில்லுகளை விண்டோஸின் புதிய டிரைவர் ஏற்பதில்லை.

## மூன்று கம்பிகள் போதும்

அடாப்டரில் நான்கோ ஐந்தோ கம்பிகள் இருக்கும். வேண்டியவை மூன்று: கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ்.

டிஎக்ஸ் என்பது வாய், ஆர்எக்ஸ் என்பது காது. ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும் என்பதால், பெட்டியின் டிஎக்ஸ் அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு, பெட்டியின் ஆர்எக்ஸ் அடாப்டரின் டிஎக்ஸுக்கு. ஒரே பெயர் கொண்டவற்றை இணைத்துவிட்டுத் திரை கறுப்பாக இருக்கிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நல்ல வேளையாக, இந்தத் தவறால் வழக்கமாக எதுவும் எரிவதில்லை. மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

கிரவுண்ட் எதற்கு என்று பலருக்குப் புரிவதில்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம் என்கிறோம். அது கடல்மட்டத்திலிருந்து. ஒருவர் கடல்மட்டத்திலிருந்தும் இன்னொருவர் தங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்திலிருந்தும் அளந்தால், இருவர் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகாது. வோல்டேஜும் உயரம் மாதிரித்தான்: எதிலிருந்து என்று சொல்லாமல் 3.3 வோல்ட் என்பதற்குப் பொருள் இல்லை. கிரவுண்ட் கம்பி இரண்டு பக்கத்துக்கும் ஒரே கடல்மட்டத்தைக் கொடுக்கிறது. அது கழன்றால் எழுத்துகள் அவ்வப்போது சரியாகவும் அவ்வப்போது குப்பையாகவும் வரும்.

நான்காவது கம்பி விசிசி என்ற மின்சாரக் கம்பி. அதை இணைக்கவே வேண்டாம். பெட்டிக்குத் தன் மின்சாரம் இருக்கிறது. இரண்டு மின்சாரம் ஒன்றோடொன்று மோதினால் அடாப்டரோ பலகையோ போகும்.

வோல்டேஜில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் பெட்டிகளின் கொன்சோல் 3.3 வோல்ட். அடாப்டரில் 5, 3.3 என்று மாற்றும் ஜம்பர் இருந்தால் 3.3இல் வையுங்கள். பழைய மேசைக் கணினியின் பின்னால் இருக்கும் ஒன்பது பின் சீரியல் துளையும் பெயரளவில் சீரியல்தான். ஆனால் அதன் முறை ஆர்எஸ்-232, மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை ஆடக்கூடியது. அதை நேரே பின்னில் கொடுத்தால் பெட்டி உண்மையாகவே செத்துப்போகும்.

எந்தப் பின் எது என்று தெரியாவிட்டால் மல்டிமீற்றர் சொல்லும். கரண்ட் இல்லாதபோது, லேன் துளையின் உலோக உறையோடு பீப் ஒலி தருவது கிரவுண்ட். கரண்ட் கொடுத்ததும், கிரவுண்டிலிருந்து ஏறத்தாழ 3.3 வோல்ட் காட்டி, முதல் சில நொடிகளில் எண் கொஞ்சம் கீழிறங்கி நடுங்குகிற பின்தான் டிஎக்ஸ். பெட்டி பேசுவதால்தான் அந்த நடுக்கம். நடுங்காமல் 3.3இலேயே நிற்பது விசிசி ஆக இருக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. சுவரில் நேரே செருகும் வகையில் 230 வோல்ட் பவர் சப்ளை அதே கூட்டுக்குள் இருக்கிறது. மூடி திறந்த நிலையில் அதைச் சுவரில் செருகி மீற்றர் வைப்பது உயிரோடு விளையாடுவது. உள் சப்ளையைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பலகைக்கு வேண்டிய வோல்டேஜை வெளியிலிருந்து கொடுத்து வேலை செய்யுங்கள். ஷீவாபிளக் பலகைக்கு அது 5 வோல்ட். வெளி அடாப்டரோடு வரும் வகைகளில் இந்த ஆபத்து இல்லை. அவற்றில் பல 12 வோல்ட் என்பதால் அடியிலுள்ள லேபிளைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள்.

சுருக்கமாக: மூன்று கம்பி, வாய்க்குக் காது, 3.3 வோல்ட், விசிசி வேண்டாம்.

## வேகம் ஒத்துப்போக வேண்டும்

காமன் கூத்தில் இரண்டு பேர் தப்பு அடிக்கிறார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இடத்தில் நின்று. முதல் அடி கேட்டதும் மற்றவர் மனதுக்குள் எண்ணத் தொடங்குகிறார். இருவருக்கும் தாளத்தின் வேகம் முன்பே தெரிந்திருந்தால் எட்டாவது அடி வரை பிசகாது.

சீரியலிலும் பொதுக் கடிகாரம் இல்லை. சும்மா இருக்கும்போது கம்பி 3.3 வோல்டில் நிற்கும். ஓர் எழுத்து தொடங்கும்போது சட்டென்று பூச்சியத்துக்கு இறங்கும். அது முதல் அடி. பிறகு எட்டு பிட்கள், கடைசியில் ஒரு நிறுத்த பிட், ஆக ஓர் எழுத்துக்குப் பத்து. பிட் என்பது ஒன்று அல்லது பூச்சியம். கிர்க்வுட் பெட்டிகளின் வேகம் நொடிக்கு 1,15,200 பிட். ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோநொடி. நொடிக்கு 11,520 எழுத்துகள். வேகம் ஐந்து சதவீதம் அளவுக்குப் பிசகினாலே கடைசி பிட்கள் பக்கத்து பிட்டில் போய் விழுந்துவிடும்.

உங்கள் லெப்டொப்பில் விண்டோஸ் என்றால் புட்டி, லினக்ஸ் என்றால் பிகோகொம் அல்லது மினிகொம் என்ற நிரலைத் திறந்து, 115200, எட்டு பிட், பேரிட்டி இல்லை, நிறுத்தம் ஒன்று, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று அமையுங்கள். கடைசியில் சொன்னது மிக முக்கியம். ஃப்ளோ கன்ட்ரோல் என்பது "கொஞ்சம் பொறு" என்று சைகை காட்டும் ஏற்பாடு. நம்மிடம் இருப்பது மூன்று கம்பி, சைகைக்குக் கம்பி இல்லை. மினிகொமில் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் பல வேளைகளில் முன்கூட்டியே இயக்கத்தில் இருக்கும். அணைக்காவிட்டால், பெட்டி சொல்வதெல்லாம் திரையில் வரும், நீங்கள் தட்டுவது எதுவும் போகாது.

திரையைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடலாம். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தவறு, அல்லது கிரவுண்ட் சரியில்லை. எழுத்து நன்றாக வந்து, தட்டுவது போகாவிட்டால் ஃப்ளோ கன்ட்ரோல், அல்லது பெட்டியின் ஆர்எக்ஸ் பின்னுக்குப் போகும் கம்பி. எதுவுமே வராவிட்டால் முதலில் டிஎக்ஸ்-ஆர்எக்ஸை மாற்றிப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால்தான் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

உபுண்டு 22.04இல் ஒரு வேடிக்கை: சிஎச்340 அடாப்டரைச் செருகியவுடன் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் பிரெல்டிடிஒய் என்ற நிரல், அதைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கருவி உங்களிடம் இல்லையென்றால் நிரலை நீக்கிவிடலாம். போர்ட் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு மறுபடி உள்நுழையுங்கள்.

## எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?

கொன்சோலைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொடுங்கள். முதலில் வருவது யூ-பூட்டின் பெயரும் பதிப்பும். பிறகு "ஏதாவது விசையைத் தட்டினால் நிறுத்துவேன்" என்ற பொருளில் ஒரு வரியும் 3, 2, 1 என்ற எண்ணிக்கையும். அதற்குள் தட்டினால் மார்வெல் என்ற சொல்லும் >> என்ற இரண்டு குறிகளும் வந்து நிற்கும். இந்த வாசல் திறந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பிரின்ட்என்வ் என்ற கட்டளையைக் கொடுத்துக் குறிப்பேடு முழுவதையும் திரையில் காட்டச் செய்து, ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்.

குறிப்பேட்டின் சிஆர்சி (எழுதியது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் எண்) தவறு என்று எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். சேமித்த குறிப்பேடு இல்லை, உள்ளே எழுதி வந்த இயல்புக் குறிப்பேட்டைப் பயன்படுத்துகிறேன் என்கிறது.

யூ-பூட் கெர்னலை ஏற்றி, "கெர்னலைத் தொடங்குகிறேன்" என்று சொல்லி, அதற்குப் பிறகு ஒரே அமைதி. இந்த அமைதியைத்தான் மிக அதிகமானோர் தவறாகப் படிக்கிறார்கள். கெர்னல் ஓடிக்கொண்டே இருக்கலாம், பேசும் வாய் எது என்று அதற்கு யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். யூ-பூட் குறிப்பேட்டில் பூட்ஆர்க்ஸ் என்ற வரி கெர்னலுக்குக் கொடுக்கும் துண்டுச்சீட்டு. அதில் கொன்சோல் என்பது முதலாவது சீரியல் போர்ட் என்றும் வேகம் 115200 என்றும் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் அமைதி என்றால், இது எந்தப் பலகை என்று கெர்னலுக்குத் தெரியவில்லை. பழைய முறையில் ஓர் எண்ணால் சொல்வார்கள், ஷீவாபிளக்குக்கு அது 2097. புதிய கெர்னல்களுக்கு டிவைஸ் ட்ரீ என்ற பலகை விவரக் கோப்பைக் கூடவே கொடுக்க வேண்டும்.

கெர்னல் நிறையப் பேசிவிட்டு, ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று பீதியோடு நின்றால், பென் டிரைவோ வட்டோ இன்னும் விழிக்கவில்லை, அல்லது அதன் பெயரைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். பூட்ஆர்க்ஸில் ரூட்-டிலே (rootdelay) என்ற காத்திருப்பைப் பத்து நொடி வைத்தால் முதலாவது தீரும்.

## யூ-பூட்டே அழிந்திருந்தால்

ஒரு எழுத்தும் வரவில்லை, கம்பிகள் சரி என்று உறுதி. இங்கேதான் அழிக்க முடியாத பூட் ரோம் கைகொடுக்கிறது. கரண்ட் வந்தவுடன் சிறிது நேரம் சீரியல் கம்பியில் ஒரு குறிப்பிட்ட எட்டு பைட் கோலம் வருகிறதா என்று அது கேட்கும். வந்தால், "சரி, யூ-பூட்டைக் கம்பி வழியாகவே கொடு" என்று காத்திருக்கும்.

கேடபிள்யூபூட் என்ற நிரல் இதைச் செய்கிறது. டெபியன் லினக்ஸில் யூ-பூட்-டூல்ஸ் தொகுப்போடு வரும். பெட்டியின் கரண்டை நிறுத்தி வைத்து, கொன்சோல் திரையை மூடி, இந்த நிரலைத் தொடங்கி, பிறகு கரண்ட் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் பூட் ரோம் கேட்டு முடித்த பிறகு நீங்கள் கூப்பிடுவீர்கள். ஒரே போர்ட்டை இரண்டு நிரல்கள் பிடித்திருந்தாலும் நடக்காது. முதல் முறையிலேயே பிடிபடாவிட்டால் நான்கைந்து முறை முயலுங்கள்.

யூ-பூட் 128 பைட் பொட்டலங்களாகப் போகும். 512 கிலோபைட் என்றால் 4096 பொட்டலங்கள், ஏறத்தாழ ஒரு நிமிடம். முடிந்ததும் யூ-பூட் வாசல் திரையில் வரும். வந்ததும் "சரியாகிவிட்டது" என்று கேபிளைக் கழற்றுபவர்களுக்காக: அது ரேமில் மட்டும்தான் இருக்கிறது. கரண்டை அணைத்தால் போய்விடும். இனிமேல்தான் நேண்டில் எழுத வேண்டும். மிகப் பழைய சில கிர்க்வுட் சில்லுகளின் பூட் ரோம் இந்த வழிக்கு இணங்காது. அவற்றுக்கு ஜேடேக் என்ற வேறு வழி உண்டு, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

நேண்டில் எழுதுமுன் அழிக்க வேண்டும், அதுவும் 128 கிலோபைட் கட்டங்களாக. ஷீவாபிளக்கில் முதல் 1 மெகாபைட் யூ-பூட்டுக்கு, அடுத்த 4 மெகாபைட் கெர்னலுக்கு, மீதி ரூட்டுக்கு. யூ-பூட்டுக்காக அழிக்க வேண்டியது முதல் எட்டுக் கட்டங்கள் மட்டும். பழைய யூ-பூட்டில் நேண்ட் அழிக்கும் கட்டளையை இடமும் அளவும் கொடுக்காமல் தட்டினால் நேண்ட் முழுவதையும் துடைத்துவிடும். எட்டுக் கட்டங்களை மட்டும் அழித்தாலும் குறிப்பேடு போகலாம், அதிலுள்ள லேன் முகவரியும் போகும். அந்த முகவரி பெட்டியின் லேபிளில் அச்சாகியிருக்கும், ஈரத்தில் மங்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

எழுதும் அந்தச் சில நொடிகளில் கரண்ட் போகக் கூடாது. பிற்பகல் இடி மழை கட்டும் நேரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். ரவுட்டருக்கென்று கடைகளில் விற்கும் சிறிய யூபிஎஸ், வோல்டேஜ் பொருந்தினால், இந்தப் பலகைக்குத் தாராளமாகப் போதும்.

## லினக்ஸை ஏற்றுவது

யூ-பூட் வாசல் கிடைத்த பிறகு லினக்ஸ் நிறுவுவது பெரிய வித்தையல்ல. நிறுவியின் (இன்ஸ்டோலரின்) கெர்னல், அதோடு வரும் தற்காலிகக் கோப்பமைப்பு என்று இரண்டு கோப்புகளை ஃபேட் வடிவமைத்த பென் டிரைவில் வைத்து, யூ-பூட்டிடம் இரண்டையும் ரேமில் ஏற்றச் சொல்லி, தொடங்கச் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கெர்னலை ரேமின் 8ஆவது மெகாபைட்டிலும் மற்றதை 17ஆவது மெகாபைட்டிலும் வைப்பார்கள். இடைவெளி 9 மெகாபைட். கெர்னல் அதைவிடப் பெரிதானால் பின்னால் வருவது அதன் வாலை மிதித்துவிடும், பிழைச் செய்தியும் விளங்காது.

பழைய யூ-பூட்டுக்கு எல்லாப் பென் டிரைவும் பிடிக்காது. இரண்டு மூன்றை மாற்றிப் பாருங்கள், சிறிய பழையவை நன்றாக வேலை செய்யும். ஒன்றும் சரிவராவிட்டால் லேன் கேபிள் வழியாக டிஎஃப்டிபி முறையில் கொடுக்கலாம். நிறுவும்போது பூட் பகுதியை எக்ஸ்ட்2 வடிவில் தனியாகப் பிரித்து வையுங்கள். எக்ஸ்ட்4 படிக்கத் தெரியாத யூ-பூட்கள் நிறைய.

எந்த லினக்ஸ்? டெபியன் என்றால் 12ஆம் பதிப்பு. 2025இல் வந்த 13இல் இந்தச் சில்லுகளுக்கான ஆர்மெல் வகைக்கு நிறுவியே இல்லை, கிர்க்வுட் கெர்னலும் இல்லை. 13க்கு மேம்படுத்தப் போய் மறுபடி கொன்சோலுக்கு வராதீர்கள்.

நிறுவி முடிந்ததும் குறிப்பேட்டில் புதிய தொடக்க வரியை எழுதிவிட்டு, உடனே சேவ்என்வ் கொடுத்துச் சேமிக்க வேண்டாம். முதலில் அந்த வரிகளைக் கையால் தட்டி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், லொகின் கேட்கும் வரை. அதன் பிறகு சேமியுங்கள். யாராவது வேகமாக எழும்ப வேண்டும் என்று அந்த 3, 2, 1 எண்ணிக்கையைப் பூச்சியமாக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மூன்று நொடி மிச்சமாகும், அடுத்த முறை கெர்னல் கெடும்போது விசை தட்ட நேரம் இருக்காது.